சாய்ப்பு கன்சர்வேட்டரி: உள்ளே சீலிங் அடித்தால் போதுமா, கூரையையே மாற்ற வேண்டுமா?

பின்கட்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் தெற்கு லண்டனில் ஒரு பழைய டெரஸ் வீடு (வரிசையாக ஒட்டிக் கட்டியதில் ஒன்று) வாங்கினோம். பின்பக்கம் சமையலறையை ஒட்டி ஒரு சாய்ப்பு கன்சர்வேட்டரி, அதாவது வீட்டுச் சுவரிலிருந்து ஒரே பக்கமாகச் சரியும் கூரை போட்ட கண்ணாடி அறை, இருக்கிறது, முன்பு இருந்தவர்கள் இருபது வருடத்துக்கு முன்னால் போட்டதாம். நீளம் 4 மீட்டர், வீட்டுச் சுவரிலிருந்து 2.8 மீட்டர் வெளியே வருகிறது. கீழே முழங்காலுக்குச் சற்று மேல் வரை செங்கல், அதற்கு மேல் யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல், தலைக்கு மேல் 16 மி.மீ. பாலிகார்பனேட், வெளிச்சம் விடும் பிளாஸ்டிக் தகடு.

வாங்கும்போது மே மாதம், பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. இப்போது உண்மை தெரிகிறது. டிசம்பரில் உள்ளே உட்கார்ந்தால் மூச்சு புகையாகத் தெரிகிறது. ஜூலையில் தென்மேற்கு வெயில் நேராக இறங்கி, மேசையில் வைத்திருந்த மெழுகுவர்த்தி மதியத்துக்குள் இடுப்பொடிந்து மேசைத் துணியைத் தொட்டுவிட்டது. மழை பெய்தால் தகரக் கொட்டகை மாதிரி சத்தம், அங்கிருந்து ஆபீஸ் போன் பேசவே முடியாது.

நாலு பேரிடம் கோட் (விலைப்புள்ளி) வாங்கியிருக்கிறேன்:

பாலிகார்பனேட்டை அப்படியே விட்டு, உள்பக்கம் சட்டம் அடித்து, ஃபாயில் போர்வை (சூட்டைத் தடுக்கும் பளபளப்பான விரிப்பு) கட்டி, அதன் மேல் யுபிவிசி பலகை: 3,600 பவுண்டு.
பாலிகார்பனேட்டை எடுத்துவிட்டு வெயிலைத் தடுக்கும் இரட்டைக் கண்ணாடி, புதுச் சட்டங்களுடன்: 5,900.
எடை குறைந்த ஓடு போட்ட மூடிய கூரை: 9,800.
எல்லாவற்றையும் இடித்துப் புதுக் கன்சர்வேட்டரி: 17,500.

முதல் ஆள் இரண்டே நாளில் முடித்துவிடுவதாகச் சொல்கிறார், இந்த வாரத்துக்குள் கையெழுத்துப் போட்டால் 400 குறைப்பாராம். மனைவி அதற்கே சரி என்கிறாள், எனக்கும் மனம் அங்கேதான் சாய்கிறது. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

---

ஈரச்சுவர் எழுதியது:

கையெழுத்துப் போடாதீர்கள். நான் போட்டேன்.

எங்கள் வீட்டிலும் இதே வேலைதான், இதே ஃபாயில் போர்வை, இதே வெள்ளைப் பலகை. முதல் குளிர்காலம் நன்றாகத்தான் இருந்தது, வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் நானே போய்ப் பெருமையடித்தேன். இரண்டாவது குளிர்காலம் பிப்ரவரியில் சீலிங் விளக்கைச் சுற்றி டீக்கறை மாதிரி ஒரு வளையம் வந்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்தேன், ஆனால் பத்து நாளாக மழையே இல்லை. மின்சாரத்தை அணைத்துவிட்டு விளக்கைக் கழற்றினால், தேங்கியிருந்த தண்ணீர் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை இறங்கிச் சட்டைக்குள் போய்விட்டது. ஒரு பலகையை நெம்பிப் பார்த்தேன். ஃபாயில் முழுக்கக் கறுப்புப் புள்ளி, சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தால் ஊறின ரொட்டியில் இறங்குகிற மாதிரி இறங்கியது.

விஷயம் இதுதான். 20 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள அறைக் காற்று, 12 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் தண்ணீராக மாறும். சீலிங் அடிப்பதற்கு முன்பு பாலிகார்பனேட்டின் அடியில் வேர்த்தது உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது, துடைக்க முடிந்தது. சீலிங் அடித்த பிறகு, அறையின் சூடு மேலே போகாததால் பாலிகார்பனேட் முன்னைவிடக் குளிர்ந்து கிடக்கும். ஆனால் ஈரக் காற்று விளக்கு ஓட்டை வழியாகவும் பலகை இடுக்கு வழியாகவும் மேலே போய்க்கொண்டேதான் இருக்கும். வேர்ப்பது நிற்கவில்லை, மறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

முறையாகச் செய்தால் அறைப் பக்கம் ஓட்டையில்லாத ஆவித்தடுப்பு ஷீட், இன்சுலேஷனுக்கு (சூடு வெளியே போகாமல் தடுக்கும் அடுக்குக்கு) மேல் 50 மி.மீ. காற்றுப்பாதை, அந்தக் காற்று உள்ளே வர இறவாரத்திலும் வெளியே போகச் சுவர்ப் பக்கத்திலும் வழி, எல்லாம் வேண்டும். உங்கள் ஆளிடம் "காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறும்?" என்று மட்டும் கேளுங்கள். என் ஆளிடம் பிற்பாடு கேட்டபோது "இது மூச்சு விடும் போர்வை சார்" என்றார்.

பிரித்துப் போடவே 900 பவுண்டு ஆனது.

---

மரத்தூள் எழுதியது:

தம்பி, நான் இந்த வேலையிலேயே இருபத்தைந்து வருசம். ஊரில் இதைப் பத்தி இறக்குவது என்று சொல்லுவோம், இங்கே அதற்கு ஆயிரம் பெயர் வைத்துக் காசு வாங்குகிறார்கள். காசைப் பிறகு பார்க்கலாம், முதலில் மூன்று அளவு எடுத்துச் சொல்லுங்கோ.

ஒன்று, சரிவு. சாய்ப்புக் கூரைக்கு மேலே படுக்கையறை ஜன்னல் இருக்கும், அந்த ஜன்னலின் அடிக்கட்டைதான் கூரை எவ்வளவு உயரலாம் என்பதைத் தீர்மானிக்கும். பீலியிலிருந்து (கூரை ஓரத்தில் மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால்) அந்த அடிக்கட்டை வரைக்கும் நேர் உயரம் எவ்வளவு என்று அளவுங்கோ. கூரையும் சுவரும் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்காமல் இருக்கச் சுவரில் ஈயத் தகடு ஏறுவதற்கு 15 செ.மீ. கழித்துவிட வேண்டும், மிச்சம்தான் உங்கள் ஏற்றம். பாலிகார்பனேட்டும் கண்ணாடியும் சின்னச் சரிவில் சமாளிக்கும். எடை குறைந்த ஓடு என்றால் அநேகமாக 12 டிகிரி, சில வகைக்கு 15 டிகிரி கேட்பார்கள். அதற்குக் குறைந்தால் தென்மேற்குக் காற்றோடு வரும் மழை ஓட்டுக்கு அடியால் மேலே ஏறும். உங்களுக்கு 9,800 சொன்ன ஆள் ஏணி வைத்து அளந்தாரா, அல்லது தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னாரா?

இரண்டு, எடை. 16 மி.மீ. பாலிகார்பனேட் சதுர மீட்டருக்கு மூன்று கிலோ கூட வராது. உங்கள் கூரை சுமார் 11.5 சதுர மீட்டர், ஆக மொத்தமே முப்பது கிலோ சொச்சம், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பாரம். இரட்டைக் கண்ணாடி, 4 மி.மீ. இரண்டு என்றால் சதுர மீட்டருக்கு 20 கிலோ, மொத்தம் 230 கிலோ. மூடிய கூரை அதைவிடக் கூட. இதற்கு மேல் பனிக்கு என்று சதுர மீட்டருக்குச் சுமார் 60 கிலோ கணக்கில் வைப்பார்கள். இதையெல்லாம் தாங்குவது அந்த யுபிவிசி ஜன்னல் சட்டம். உள்ளே இரும்பு வைத்திருந்தால் பரவாயில்லை, இருபது வருசத்துக்கு முந்தியது என்றால் மூலைக் கம்பத்தைத் திறந்து பார்க்காமல் நான் கை வைக்க மாட்டேன். கதவு இப்போதே இழுபட்டு மூடினால், சட்டம் தொய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

மூன்று, அத்திவாரம். செங்கல் சுவருக்குப் பக்கத்தில் வெளியே ஒரு குழி தோண்டுங்கோ, கொங்கிரீட் எந்த ஆழத்தில் முடிகிறது என்று பாருங்கோ. லண்டன் களிமண் கோடையில் சுருங்கி மாரியில் ஊதும். பக்கத்தில் மரம் இருந்தால் இன்னும் மோசம்.

இந்த மூன்றும் இல்லாமல் எந்த விலையும் விலையே இல்லை. இன்னொன்று, பாலிகார்பனேட்டுக்கு மேலே ஏறிப் பார்க்க நினைக்காதேங்கோ. உடைந்து விழுந்தவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

---

கறுப்புப்பூனை எழுதியது:

நாங்கள் நவம்பரில் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு மார்ச்சில் திறக்கிறோம். நடுவில் அது துணி காயப்போடும் அறை. செலவு பூஜ்யம் :)

ஈரச்சுவர் எழுதியது:

@கறுப்புப்பூனை துணி காயப்போடுகிறீர்களா, அப்போ ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். அந்த ஈரம் எல்லாம் எங்கே போகும் என்று மேலே இவ்வளவு நேரம் கதை சொல்லியிருக்கிறேன்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லோரும் கூரையைப் பற்றியே பேசுகிறீர்கள், ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். யூ மதிப்பு என்பது ஒரு சதுர மீட்டர் வழியாக, உள்ளேயும் வெளியேயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், எத்தனை வாட் சூடு வெளியே போகிறது என்பது. உள்ளே 20, வெளியே 5, வித்தியாசம் 15 என்று வைத்துக்கொள்வோம்.

16 மி.மீ. பாலிகார்பனேட்டுக்கு யூ மதிப்பு சுமார் 2.4. ஆகவே 2.4 × 11.5 × 15 = 414 வாட். 25 மி.மீ. பாலிகார்பனேட் போட்டால் சுமார் 1.6, அது 276 வாட். நல்ல கண்ணாடிக் கூரை 1.2 என்றால் 207. மூடிய கூரை 0.16 என்றால் 28 வாட்தான். பார்த்தவுடன் மூடிய கூரை ஜெயித்துவிட்ட மாதிரித் தெரியும்.

ஆனால் எல்லோரும் மூன்று பக்க ஜன்னலை மறந்துவிட்டீர்கள். முன்பக்கம் 4 மீட்டர், இரு பக்கமும் 2.8 மீட்டர், உயரம் ஒன்றரை மீட்டர் சொச்சம், மொத்தம் 15 சதுர மீட்டர் கண்ணாடி வரும். பழைய இரட்டைக் கண்ணாடிக்கு யூ மதிப்பு 2.8 என்று வைத்தால் 630 வாட். கூரையில் தங்கத்தையே பதித்தாலும் இந்த 630 வாட் போய்க்கொண்டேதான் இருக்கும். தரையும் கதவு இடுக்கும் தனி.

அடுத்தது காசு. மூடிய கூரையால் மிச்சமாவது 386 வாட். குளிர்காலத்தில் தினம் ஆறு மணி நேரம், 180 நாள் மின் ஹீட்டர் போடுகிறீர்கள் என்றால் 417 யூனிட். யூனிட் 25 பென்ஸ் என்று வைத்தால் வருடத்துக்கு 104 பவுண்டு. 9,800 பவுண்டை அந்த மிச்சத்தில் திருப்பி எடுக்க 94 வருடம் ஆகும். "பில் பாதியாகும்" என்று எவனாவது விற்க வந்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். (கன்சர்வேட்டரி கூரை விற்கிறவர்கள் மட்டும் ஏன் எப்போதும் இந்த வாரமே தள்ளுபடி முடிகிறது என்கிறார்கள், எனக்கு இது வரைக்கும் புரிந்ததில்லை.)

இதனால் கூரையை மாற்றாதீர்கள் என்று சொல்லவில்லை. நீங்கள் கேட்டது மெழுகுவர்த்தி வளையாமலும் போன் பேச முடிகிறாற்போலும் ஓர் அறை. அந்தச் சுகத்துக்குக் காசு கொடுக்கிறேன் என்று தெரிந்து கொடுங்கள், சேமிப்பு என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். வெயிலுக்கும் சத்தத்துக்கும் மட்டும் என்றால் கண்ணாடியே பெரும்பாலும் போதும்.

---

படிக்கட்டு எழுதியது:

யாரும் சொல்லாத சட்டப் பக்கம். இது இங்கிலாந்துக்கு, ஸ்காட்லாந்தில் வேறு.

தரைமட்டத்தில் 30 சதுர மீட்டருக்குள், வீட்டுக்கும் அதற்கும் நடுவே வெளிக்கதவு தரத்தில் கதவும் சுவரும், வீட்டு ரேடியேட்டரோடு சேராத தனி வெப்பம், பாதுகாப்புக் கண்ணாடி, இவை இருந்தால் கன்சர்வேட்டரிக்குப் பில்டிங் ரெகுலேஷனிலிருந்து (கட்டட விதிகள்) விலக்கு உண்டு. மின் வேலைக்கு அதன் விதி தனி. கூரையை மூடிய கூரையாக மாற்றினால் அந்த விலக்கு போச்சு, அந்த விதிகளைச் சரிபார்க்கும் பில்டிங் கன்ட்ரோலில் விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் அத்திவாரத்தையும் ஜன்னல் சட்டத்தையும் கேட்பார்கள், இன்சுலேஷனையும் கேட்பார்கள். 9,800 கோட்டில் அந்தக் கட்டணமும், முடிந்தபின் தரும் சான்றிதழும் இருக்கிறதா என்று பாருங்கள். வீடு விற்கும்போது வாங்குகிறவரின் வக்கீல் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான். நான் விற்றபோது ஒரே ஒரு தாளுக்காக ஆறு வாரம் இழுத்தது.

பிளானிங் (கட்டுவதற்கான கவுன்சில் அனுமதி) வேறு விஷயம். டெரஸ் வீட்டில் பின்பக்கம் 3 மீட்டர் வரை அனுமதி கேட்காமலே கட்டலாம், நீங்கள் 2.8, தப்பித்தீர்கள். உயரத்துக்கும் எல்லை உண்டு என்பதால், இடித்துக் கட்டுவதாக இருந்தால் கவுன்சிலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வாட் (VAT) வரி விஷயத்தில் ஏமாறாதீர்கள். இருக்கிற கூரையில் இன்சுலேஷனை மட்டும் ஒரு நிறுவனம் வந்து பொருத்தினால் 2027 மார்ச் 31 வரை வாட் கிடையாது. கூரையையே மாற்றினால், அதற்குள் எவ்வளவு இன்சுலேஷன் இருந்தாலும், 20 சதவீதம் உண்டு. 2018ல் ஒரு கன்சர்வேட்டரி கூரை வழக்கிலேயே அப்பர் டிரிப்யூனல் (மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்) இதைச் சொல்லிவிட்டது. "எனர்ஜி சேவிங், வாட் இல்லை" என்று கூரை மாற்றத்துக்குக் கோட் தந்தால் சந்தேகப்படுங்கள்.

முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கொடுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையான வேலைக்கு, கொஞ்சப் பணம் கார்டில் போயிருந்தாலும் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி வங்கியும் பொறுப்பு. நிறுவனம் பாதியில் படுத்துவிட்டால் அதுதான் கைகொடுக்கும்.

---

பின்கட்டு எழுதியது:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை முழுக்க இதிலேயே போனது.

மரத்தூள் அண்ணா, அளந்தேன். பீலியிலிருந்து படுக்கையறை ஜன்னல் அடிக்கட்டை வரை 62 செ.மீ. உங்கள் 15 போக 47. அது 2.8 மீட்டரில் ஏறினால் ஒன்பதரை டிகிரிதான் வருகிறது. இப்போது இருக்கும் கூரை எட்டு டிகிரி. ஓட்டுக்காரருக்குப் போன் செய்து இதைச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, பிறகு "ஜன்னலைச் சின்னதாக்கிவிடலாம் சார், 1,400 ஆகும்" என்றார்.

குழியும் தோண்டினேன். 35 செ.மீ.யில் கொங்கிரீட் முடிந்துவிட்டது, அதற்குக் கீழே மஞ்சள் களிமண், மண்வெட்டியில் சோப்பு மாதிரி ஒட்டுகிறது. கதவு மேல் மூலையில் லேசாக உரசத்தான் செய்கிறது, நான் அதைப் பெயின்ட் என்று நினைத்திருந்தேன்.

முதல் ஆளிடம் காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறும் என்று கேட்டேன். "எங்கள் போர்வைக்கு அது தேவையில்லை" என்றார். கதை முடிந்தது.

மனைவி இன்னொன்று சொன்னாள், எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் சமையலறைக்கு வேறு ஜன்னலே கிடையாது, வெளிச்சம் முழுக்கக் கன்சர்வேட்டரி வழியாகத்தான் வருகிறது. ஒரு பெட்ஷீட்டைப் பாலிகார்பனேட்டுக்குக் கீழே கயிறு கட்டி விரித்துப் பார்த்தோம். பகல் பதினோரு மணிக்கு அடுப்படியில் விளக்குப் போட வேண்டியிருந்தது.

ஆகவே இப்போது கண்ணாடிக் கூரை, 5,900. ஆனால் 230 கிலோவை இந்த 35 செ.மீ. அத்திவாரம் தாங்குமா?

---

மரத்தூள் எழுதியது:

பெட்ஷீட் நல்ல யோசனை, இனி நானும் வாடிக்கையாளருக்கு இதைச் செய்து காட்டப்போகிறேன்.

அத்திவாரத்தைப் பற்றி: இந்தக் களிமண்ணில் இன்று புதிதாகக் கட்ட வந்தால் குறைந்தது ஒரு மீட்டர் தோண்டச் சொல்லுவார்கள், மரம் பக்கத்தில் இருந்தால் இன்னும் ஆழம். ஆகவே மூடிய கூரை இந்த அத்திவாரத்தில் இல்லை, அதை மறந்துவிடுங்கோ. கண்ணாடி 230 கிலோ, அதில் பாதியை வீட்டுச் சுவர் வாங்கும், மிச்சப் பாதி முன் சுவர் நீளம் முழுக்கப் பரவும். அந்தச் செங்கல் சுவரே அதைவிடப் பல மடங்கு எடை. அத்திவாரத்தைவிட எனக்குப் பயம் ஜன்னல் சட்டத்தில்தான். கதவு உரசுகிறது என்று சொன்னீர்களே, அது கதவுக்கு மேலே உள்ள சட்டம் தொய்ந்திருக்கிறது. அதை அப்படியே வைத்துக் கண்ணாடியை ஏற்றினால் அடுத்த வருசம் கதவு திறக்காது. கதவுக்கு மேலே இரும்புப் பட்டை அல்லது அலுமினியச் சட்டம் வைத்து, இரண்டு மூலைக் கம்பத்தையும் பலப்படுத்தி, அதையும் சேர்த்து விலை தரச் சொல்லுங்கோ. 500, 600 கூடலாம். களிமண் அசையாது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், அதனால் ஒரு ஸ்ட்ரக்சரல் எஞ்சினியரைக் கூப்பிட்டு ஒருமுறை காட்டிவிட்டால் எனக்கும் நிம்மதி.

கூரைச் சட்டத்தின் நடுக் கம்பிகள் எத்தனை என்றும் கேளுங்கோ. பாலிகார்பனேட்டுக்கு அகலமாக விட்டிருப்பார்கள், கண்ணாடிக்கு அது நெருங்க வேண்டும். பழைய கம்பியிலேயே கண்ணாடியைப் பொருத்துகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கோ.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

கோட்டில் கண்ணாடியின் யூ மதிப்பும், வெயில் எத்தனை சதவீதம் உள்ளே விடும் என்கிற ஜி மதிப்பும் எண்ணாக எழுதி வாங்குங்கள். "நீலக் கண்ணாடி" என்பது எண் இல்லை. தென்மேற்குப் பார்த்த கூரைக்கு ஜி மதிப்பு குறையக் குறைய நல்லது. திறக்கிற கூரை ஜன்னல் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், ஜூலைச் சூடு மேலே போய் நிற்கும், அதற்கு வழி வேண்டும்.

---

பின்கட்டு எழுதியது:

கேட்டேன். கம்பிகள் புதிது, நெருக்கமாக. கதவுக்கு மேல் அலுமினியச் சட்டத்துக்கு 540, கூரை ஜன்னலுக்கு 380. எஞ்சினியர் வியாழக்கிழமை வருகிறார். ஜி மதிப்பை எழுதித் தரச் சொன்னதும் "நீங்கள் என்ன சார், இதே தொழிலா?" என்கிறார்.

---

மரத்தூள் எழுதியது:

ஈயத் தகட்டை மறந்துவிட்டேன். பழைய தகட்டை மடக்கி வைத்துவிட்டு அதையே திரும்ப இறக்குவார்கள், இருபது வருச ஈயம் மடக்கின இடத்தில் வெடிக்கும். புதுத் தகடு என்று கோட்டில் எழுத்தில் இருக்க வேண்டும்.